மிர்லாந்தின் அம்மா தண்ணீருக்கடியில் இருந்த வருடம்

1

எங்கள் ஊர்ச் சுடலைக்குச் சித்திரை கடைசி வெள்ளியில் கொடைத் திருவிழா. அங்கே நள்ளிரவில் சாமக்கொடை நடக்கும்போது இங்கே நியூ ஜெர்சியில் மத்தியானம். வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பேன். பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டின் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங் ஓடும், பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் கொடை ஓடும். ஊரிலிருக்கும் அத்தை மகன் வருடம் தவறாமல் வீடியோ காலில் காட்டிவிடுவான்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வெள்ளிக்கிழமையில்தான் மிர்லாந்த் முதல்முறையாக என் வீட்டுக்குள் வந்தாள்.

கீழ்த்தளத்தில் குடியிருப்பவள். துணி துவைக்கிற அறையில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். எனக்கு வந்த பார்சல் ஒன்றை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கொடுக்க வந்தாள். நான் கதவைத் திறந்தபோது போனில் மகுட மேளம் உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் பார்சலை நீட்டவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே வந்து, மேசைமுன் நின்று போனைப் பார்த்தாள்.

திரையில் என் சித்தப்பா. கச்சை கட்டி, கையில் வல்லய ஈட்டியோடு கண்ணை மூடி நின்றிருந்தார். எங்கள் குடும்பத்தில் சுடலைக்கு ஆடுகிறவர் அவர்தான்.

"வந்துட்டாங்க," என்றாள் மிர்லாந்த்.

அவள் சொல்லி வாய் மூடும்முன் சித்தப்பாவின் தோள் குலுங்கியது. அங்கே பெண்கள் குலவையிட்டார்கள்.

"யாரு வந்திருக்கறது?" என்று என்னிடம் கேட்டாள்.

அமெரிக்காவுக்கு வந்த இத்தனை வருடங்களில் இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. ஆபீஸில் யாராவது இந்த வீடியோவைப் பார்த்துவிட்டால், கிராமிய நடனம் என்று சொல்லிச் சமாளிப்பேன். என் மகள் யாழினிகூட "சின்னத் தாத்தா டான்ஸ்" என்றுதான் சொல்வாள். வந்திருப்பது யார் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"சுடலை," என்றேன். "சுடுகாட்டைக் காக்கிற சாமி."

"எங்ககிட்டயும் ஒருத்தர் இருக்கார், சுடுகாட்டுக்கு." அவள் கை ரோமம் குத்திட்டு நின்றதைப் பார்த்தேன். "ப்ளீஸ், அதை ஆஃப் பண்ணிடு. நான் இப்ப மார்மன்."

பார்சலை வைத்துவிட்டு விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

2

மிர்லாந்துக்குச் சொந்த ஊர் ஹைட்டி. கரீபியன் கடலில் உள்ள தீவு நாடு. அதன் வடக்கே மலையோரத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறல் நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்கும் வேலை. கணவர் யூஜீன் பஸ் ஓட்டுகிறார்.

ஹைட்டி மக்களின் பழைய வழிபாட்டுக்கு வூடூ என்று பெயர். பொம்மையில் ஊசி குத்துகிற மாதிரி சினிமாவில் காட்டுவார்களே, அதை மறந்துவிடுங்கள். மிர்லாந்த் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் ஊர்தான் கண்முன் வந்தது. முன்னோர் உண்டு, படையல் உண்டு, மேளம் உண்டு. அந்தந்தத் தெய்வத்துக்கு அந்தந்தத் தாளம் உண்டு. தாளம் சரியாக விழுந்தால் தெய்வம் ஒருவர் தலையில் வந்து ஏறும். ஏறப்பட்டவரைக் குதிரை என்பார்கள். மிர்லாந்தின் அம்மா அங்கே பூசாரி. அந்த ஊர் மொழியில் மாம்போ. அவர் தலையில் இருந்த தெய்வம் அவருக்குப் பிறகு மிர்லாந்திடம்தான் வரும் என்று அவள் சிறு பெண்ணாக இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தார்களாம்.

இதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. முதலில் அந்தப் பார்சல் சம்பவத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்தாள். நான் வழக்கம்போல் ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்துவிட்டேன். மார்மன்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையார், காபி, டீ குடிக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் டம்ளரைக் கையில் வாங்கி முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள்.

"வாசனை பிடிக்கறதுக்குத் தடை இல்ல," என்றாள். "எங்க மலைல காபிதான் விளையும்."

அதற்கப்புறம் அவள் வந்தால் சுக்குத்தண்ணி. நான் மட்டும் அவள் எதிரில் காபி குடிப்பேன், அந்த வாசனைக்காக அவளே கேட்டுக்கொண்டதால்.

நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். அவள் ஆங்கிலத்தில் பிரெஞ்சும் அவள் ஊர் மொழியான கிரியோலும் கலந்திருக்கும், என்னுடையதில் திருநெல்வேலி. எங்களுக்குள் புரிந்துகொள்ளக் கஷ்டம் இருந்ததில்லை. எங்கள் இருவர் பேச்சும் வங்கியில் போனில் பேசுகிறவர்களுக்குத்தான் புரியாது. இங்கே அவள் பேச்சை என் தமிழில் எழுதுகிறேன்.

ஒருநாள் பேச்சுவாக்கில் "மை சாமி" என்றாள். யாழினி சட்டென்று திரும்பினாள். "ஆன்ட்டி தமிழ்ல பேசறாங்களா?"

சாமி என்பது சாமுவேல். மிர்லாந்தின் மகன். ரத்தத்தில் பிறவிக் கோளாறோடு பிறந்த பிள்ளை. பள்ளிக்கூடம் போகிற வயது வருமுன்பே போய்விட்டான். எங்கள் பக்கம் பிள்ளையைக் கொஞ்சும்போது "என் சாமி" என்றுதான் கொஞ்சுவோம் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவில்லை, அதை வழிய விட்டாள்.

"அவன் போன அன்னிக்கு அம்மாவுக்கு போன் பண்ணேன்," என்றாள். "அம்மா அழுதாங்க. ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் சொன்னாங்க, 'நீ அமெரிக்கா போனதுல இருந்து நம்ம தெய்வங்களுக்கு ஒரு தடவைகூடச் சோறு வைக்கல. கேட்டுப் பாத்தாங்க. நீ கொடுக்கல. எடுத்துக்கிட்டாங்க'ன்னு."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"என்மேல கோவப்பட்டுச் சொல்லல, கோமதி. டாக்டர் ரிசல்ட் சொல்ற மாதிரி சொன்னாங்க. அம்மாவுக்கு அது உண்மை. அதுதான் தாங்க முடியல."

அந்த மாதங்களில்தான் இரண்டு இளம்பெண்கள் அவள் கதவைத் தட்டினார்கள். நீளப் பாவாடை, சட்டையில் பெயர் அட்டை. மார்மன் சபை ஊழியத்துக்காக எங்கோ மேற்கிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். அதில் ஒருத்தி, பொன்னிறத் தலைமுடிக்காரி, கிரியோல் படித்துக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை பேசுவதுபோல் அரைகுறையாக வருமாம். யூஜீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாராம். அந்தக் கொச்சைக் கிரியோலில் அவள் மிர்லாந்திடம் சொன்னது இதுதான்: சின்னப் பிள்ளைகளிடம் பாவம் கிடையாது. உன் மகனை யாரும் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் உனக்குத் திரும்பக் கிடைப்பான். அவனை நீயே வளர்ப்பாய்.

"ரெண்டு பேரு வந்து ரெண்டு விஷயம் சொன்னாங்க," என்றாள் மிர்லாந்த். "ஒருத்தங்க என் அம்மா. இன்னொருத்தி இருபது வயசுப் பொண்ணு. நான் அந்தப் பொண்ணைப் பிடிச்சுக்கிட்டேன்."

யூஜீனும் சேர்ந்துகொண்டார். பிறகு சபையின் கோயிலில், சபைக்கு உண்மையாக இருப்பதாக இருவரும் வாக்குக் கொடுக்க, கணவன், மனைவி, இறந்துபோன பிள்ளை மூவரையும் என்றென்றைக்குமாகச் சேர்த்து வைக்கும் சடங்கு நடந்தது. சாமுவேலின் இடத்தில் சபையைச் சேர்ந்த வேறொரு வீட்டுப் பிள்ளையை நிறுத்தினார்களாம். அந்தக் கையைத் தொட்டதும் சாமுவேலின் கைச்சூடு தெரிந்தது என்றாள். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள்.

3

போன வருடம் மார்ச் மாதம் அவளுடைய அம்மா இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணன் வில்னர் போனில் சொன்னார்.

தகவல் கேட்டு நான் கீழே போனபோது மிர்லாந்த் சோபாவில் ஆஸ்பத்திரி உடையிலேயே உட்கார்ந்திருந்தாள். யூஜீன் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் என்ன செய்வதென்று தெரியாத ஆண்கள் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

"எப்ப கிளம்பற?" என்றேன்.

"போகல."

டிக்கெட் கிடைக்கவில்லையா, லீவு இல்லையா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை. கிரீன் கார்டு இருக்கிறது. ஊர் இருக்கிற வடக்குப் பக்கத்துக்குப் போக வழியும் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் போகச் சொல்லிவிட்டார்கள். அவள்தான் போகவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. காரணத்தைச் சொல்ல வேண்டும். என் அப்பா இறந்தபோது எங்கள் விசா நீட்டிப்பு முடிவாகாமல் கிடந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர, தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங்குக்குத் தேதி கிடைக்காது. எப்போது கிடைக்கும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. யாழினிக்கு அப்போது ஐந்து வயது. நான் போகவில்லை. சித்தப்பா கொள்ளி வைத்ததை அதே அத்தை மகன் போனில் காட்டினான். தாமிரபரணிக் கரையில் காற்று அதிகம், அவன் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. படம் நின்று நின்று வந்தது. அப்பாவின் முகத்தை மூடும் இடத்தில் படம் உறைந்துவிட்டது. மறுபடி வந்தபோது புகை.

"எனக்குப் பேப்பர் இல்ல, போகல," என்றேன் மிர்லாந்திடம். "உனக்கு எல்லாம் இருக்கு. பெத்த அம்மாவைப் போய்ப் பாக்காம உன்னைத் தடுக்கறது யாரு? உங்க சபையா?"

"பிஷப் போயிட்டு வான்னுதான் சொன்னார். துக்கத்துக்குப் போறது தப்பே இல்லன்னார்."

"அப்புறம் என்ன?"

அவள் என்னை உட்காரச் சொன்னாள்.

அங்கே ஒருவர் இறந்தால் புதைக்கும்முன், அவர் தலையில் இருக்கும் தெய்வத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். மாம்போ இறந்தால் அந்தச் சடங்கு இன்னும் பெரிது. பிரிந்த தெய்வம் வாரிசைத் தேடும். வாரிசு மிர்லாந்த். அண்ணன் கேட்டதும் அதுதான். நீ வந்து நில், ஏற்றுக்கொள், அப்போதுதான் அம்மா நிம்மதியாகப் போவார்.

"ஏத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டு, சும்மா ஓரமா நின்னு அழுதுட்டு வா," என்றேன். "உனக்குத்தான் இப்ப அதுல நம்பிக்கை இல்லையே."

"யார் சொன்னா நம்பிக்கை இல்லன்னு?" மிர்லாந்த் நிமிர்ந்து பார்த்தாள். "நம்பிக்கை இல்லன்னா நான் இன்னிக்கே போயிருப்பேன், கோமதி. மேளம் அடிச்சா என் கால் நிக்காது. அன்னிக்கு உன் போன்ல அடிச்ச மேளத்துக்கே என்னால நிக்க முடியல, அது எங்க மேளம்கூடக் கிடையாது. அங்க போனா அவங்க ஏறுவாங்க. ஏறினா நான் அவங்களோட ஆளு. அப்புறம் கோயில்ல நான் கொடுத்த வாக்கு என்ன ஆகும்? சாமி என்ன ஆவான்?"

யூஜீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"அம்மாகிட்ட போனா பிள்ளை போயிடுவான். அம்மா செத்துட்டாங்க. அவனும் செத்துட்டான். ரெண்டு பேருல ஒருத்தரைத்தான் நான் வச்சுக்க முடியும்."

எனக்கு இருந்த கோபம் போய்விட்டது.

வில்னர் அன்றைக்கே மறுபடி அழைத்தார். பேப்பர் சிக்கல் என்று சொல்லிவிடு, ஊரில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று நான் அவள் காதில் கிசுகிசுத்தேன். அவள் மாட்டேன் என்று தலையசைத்துவிட்டு அண்ணனிடம் நேராகவே சொன்னாள். அவர் கத்தவில்லை. போனை வைத்துவிட்டார். அதன்பிறகு மாதக்கணக்கில் அவள் அழைத்தாலும் எடுக்கவில்லை.

4

அவர்கள் நம்பிக்கைப்படி, இறந்தவரின் ஆன்மா உடனே எங்கும் போய்விடாது. ஒரு வருடமும் ஒரு நாளும் தண்ணீருக்கடியில் இருக்கும். குளிரில், இருட்டில். அது முடிந்ததும் பிள்ளைகள் சடங்கு செய்து மேலே எடுக்க வேண்டும். வெள்ளைத் துணி கட்டி, அதற்குள் தண்ணீர் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு மண்கலயத்தில் இறக்குவார்கள். அப்போது அந்தக் கலயத்திலிருந்து இறந்தவர் பேசுவாராம்.

இதை மிர்லாந்த் எனக்குச் சொன்னது கால்வாய்க்கரையில். கோடையில் சாயங்காலம் நாங்கள் இருவரும் அங்கே நடப்போம். ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் அசையாத பச்சைத் தண்ணீர். அம்மா இறந்த பிறகு அவள் தண்ணீர்ப் பக்கம் நடக்க மாட்டாள். என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, மரத்தோரமாக வருவாள். நான் முதலில் கவனிக்கவில்லை. யாழினிதான் ஒருநாள் எங்களோடு வந்தபோது கவனித்துக் கேட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, ஆர் யூ ஸ்கேர்ட் ஆஃப் வாட்டர்?"

மிர்லாந்த் மறைக்கவில்லை. அம்மா தண்ணீருக்கடியில் இருக்கிறார் என்று சொன்னாள்.

யாழினி கொஞ்ச நேரம் யோசித்தாள். பதினைந்து வயதுக்கு எதையும் நேராகத்தான் கேட்கத் தெரியும். "பட் யூ ஆர் மார்மன். தென் ஷீ இஸ் நாட் தேர், ரைட்?"

"கரெக்ட். அங்க இல்ல."

"ஸோ?"

"ஸோ, அவங்களுக்குக் குளிருமேன்னு இருக்கு," என்றாள் மிர்லாந்த்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் யாழினி என்னைக் கேட்டாள், "அம்மா, தாத்தா எங்கே இருக்கார்? லைக், அக்கார்டிங் டு அஸ்?"

நான் என்னென்னவோ சொன்னேன். பித்ருலோகம் என்றேன், அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கிறோமே என்றேன். சுடலையிடம் இருப்பார் என்றும் சொன்னேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னது எனக்கே சரியாகப் படவில்லை. "ஓகே" என்று சொல்லிவிட்டுக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். மிர்லாந்துக்கு அவள் அம்மா இருக்கும் இடம் தெரிந்திருந்தது. அதுவும் இரண்டு இடம்: தண்ணீருக்கடி ஒன்று, சபை சொல்கிற மறுவுலகம் இன்னொன்று. அந்த இரண்டும் சேர்ந்து அவளைத் தூங்க விடாமல் செய்தன. எனக்கு ஓரிடமும் நிச்சயமாகத் தெரியவில்லை, நான் நன்றாகவே தூங்கிக்கொண்டிருந்தேன்.

5

இந்த வருடம் பிப்ரவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து அதே உடையோடு மேலே வந்தாள்.

"அம்மாவுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்," என்றாள்.

இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுப்பது மார்மன் சபையில் வழக்கம். கோயிலில் அதற்கென்று ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. இறந்தவர் பெயரைச் சொல்லி, அவருக்குப் பதிலாக நிற்பவரைத் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி எடுப்பார்கள். இறந்தவர் விரும்பினால் அந்தப் பக்கத்திலிருந்து அதை ஏற்றுக்கொள்ளலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம்.

"அம்மா வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம். அவங்க இஷ்டம். நான் கேட்டுட்டேங்கறது மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

மகளாக அவளே முடிவு செய்யலாம், அண்ணனின் சம்மதம் தேவையில்லை என்று சபையில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அவருக்குத் தெரியாமல் செய்ய அவளுக்கு மனமில்லை. என் வீட்டு மேசையில் உட்கார்ந்தே வில்னருக்குப் போன் செய்தாள். தனியாகச் செய்யத் தைரியம் இல்லை என்றாள். இந்த முறை அவர் எடுத்தார். கிரியோலில் அவள் பேசினாள், நடுவில் நிறுத்தினாள், மறுபடி பேசினாள். அந்தப் பக்கமிருந்து வந்தது இரண்டு வாக்கியம். அத்தோடு போன் துண்டானது.

அவர் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்.

"'அம்மாவைத் தண்ணியில இருந்து தூக்கணும், அதுக்கு நீ வரமாட்டேங்கற. இப்ப நீயே அவங்களைத் தண்ணிக்குள்ள அமுக்கப் போறியா?'"

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். "அமுக்கி எடுப்பாங்க, கோமதி. எடுக்கறதும் அதுல இருக்கு. அதை நான் சொல்றதுக்குள்ள வச்சுட்டான்."

6

மார்ச்சில், ஒரு சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினாள். அம்மா போய் ஒரு வருடமும் ஒரு நாளும் முடிந்த வாரம் அது. அந்த வாரத்தைத்தான் ஏன் எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. யூஜீனுக்கு அன்றைக்கு டியூட்டி. நான் ஓட்டுகிறேன் என்றேன்.

கோயில் ஃபிலடெல்ஃபியாவில், ஊருக்கு நடுவில் இருக்கிறது. சபையில் சேர்ந்தவர்கள்தான் உள்ளே போகலாம். அவளுக்காக ஒரு சபைத் தோழி வாசலில் காத்திருந்தாள். மிர்லாந்த் கைப்பையையும் போனையும் என்னிடம் கொடுத்தாள்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"தண்ணிக்குள்ள போகும்போது அம்மா வந்துட்டா என்ன பண்றது?" என்றாள். "அவங்க பேரைச் சொல்லுவாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா அவங்க வருவாங்க. எங்க ஊர்ல அப்படித்தான். கோயிலுக்குள்ள, எல்லார் முன்னாடியும் என்மேல வந்துட்டா?"

அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். உள்ளே போனாள்.

பக்கத்திலேயே பார்க்கிங் கட்டடம். அங்கே காரில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டேன். சித்தப்பா ஞாபகம் வந்தது. அவரை விட்டுச் சாமி மலையேறியதும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு, என்ன நடந்தது என்று தெரியாத முகத்தோடு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதா?" என்று என் அப்பாவைத்தான் கேட்பார். அப்பாவுக்குப் பிறகு அவர் அதை யாரிடம் கேட்கிறார் என்று நான் விசாரித்ததே இல்லை.

மிர்லாந்தின் போன் என் மடியில் அதிர்ந்தது. வில்னர். அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வில்னர். எடுத்தால் என்ன மொழியில் பேசுவது? விட்டுவிட்டேன்.

அவள் வெளியே வந்தபோது தலைமுடி சரியாகக் காயவில்லை. கோட்டுக் காலரில் ஈரம். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"வந்தாங்களா?"

"இல்ல." கையை ஹீட்டரில் காட்டினாள். "வெதுவெதுன்னு தண்ணி. நல்ல வெளிச்சம். ஞானஸ்நானம் கொடுத்தவர் எங்க அம்மா பேரை ரொம்பக் கஷ்டப்பட்டுச் சரியாச் சொன்னார். கண்ணை மூடிக்கிட்டுக் கீழ போனேன். மேல வந்தேன். யாரும் வரல. எனக்கு அதுதான் வேணும்னு நெனச்சேன். ஆனா மேல வந்ததும் திரும்பித் தண்ணியைப் பாத்தேன், கோமதி. அவங்க இருக்காங்களான்னு."

அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டார் என்று சொல்லிப் போனைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். திட்டத்தான் கூப்பிட்டிருப்பார் என்று இருவருமே நினைத்தோம். பிறகு ஏதோ துணிந்து அழைத்தாள்.

வில்னர் உடனே எடுத்தார். இந்த முறை பேசியதெல்லாம் அவர்தான். என் காதுக்குப் பிடிபட்டது 'மன்மா' என்ற சொல் மட்டும்தான், அம்மா. அது திரும்பத் திரும்ப வந்தது. மிர்லாந்த் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் போனைக் காதிலிருந்து இறக்கி மடியில் வைத்தாள்.

"நேத்து அம்மாவை மேல எடுத்துட்டாங்களாம்," என்றாள். "கலயத்துல இருந்து பேசினாங்களாம். எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். அண்ணனை, அவன் பிள்ளைங்களை, பக்கத்து வீட்டுக்காரங்களை. அப்புறம், 'மிர்லாந்த் எங்கே'ன்னு கேட்டாங்களாம்."

"அண்ணன் என்ன சொன்னார்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். வேலைக்குப் போயிருக்கா, ஆஸ்பத்திரில ஆள் கம்மி, அதான் வர முடியலன்னு சொன்னானாம்."

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற வண்டி கிளம்பிப் போனது.

"அம்மா, 'அவளுக்கு எப்பவும் வேலைதான்'னு சொன்னாங்களாம்."

சொல்லிவிட்டு மிர்லாந்த் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். "உயிரோட இருந்தப்ப ஒவ்வொரு போன்லயும் இதைத்தான் சொல்லுவாங்க. இதே வார்த்தை. அங்க பேசினது அம்மா இல்லன்னு நான் நம்பணும், கோமதி. எப்படி நம்பறது? அவங்கதானே இது? அவங்க இப்படித்தானே பேசுவாங்க?" அந்தச் சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ஈரத் தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு, வாய்விட்டு, ஊர்க்காரி அழுவதுபோல அழுதாள். போன வருடம் அம்மா இறந்த அன்றைக்கு அவள் இப்படி அழவில்லை.

கிளம்பலாம் என்று கியரில் கை வைத்தேன். அப்போதுதான் அவள் மடியிலிருந்த போனைப் பார்த்தேன். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வில்னர் வைக்கவில்லை. தங்கை அழுவதை அந்த மலையோர ஊரிலிருந்து கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

நான் இன்ஜினை அணைத்துவிட்டேன்.